குகதாசன் அணைத்த கற்பூரம்

நீர்வேலிப் பரமலிங்கம் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. வாழைக்குலை விற்கப் போனால் சந்தைத் தராசையே ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். சொந்த மைத்துனனைக்கூட முழுதாக நம்பமாட்டார். ஆனால் தோட்டத்து மூலையில், வேம்பின் கீழ் நட்டிருந்த வைரவர் சூலத்துக்கு முன்னால் மட்டும் அவர் பச்சைப்பிள்ளை.

காணித் தரகன் குகதாசன் அதைத்தான் கண்டுபிடித்தான். பின்பக்கத் துண்டை மட்டும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்கலாம் என்று வந்தவன், சூலத்தடியில் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான்.

“வைரவர் அறிய, கிணறும் வாழையும் உங்களுக்குத்தான், அண்ணை.”

அதற்குப் பிறகும் காணி உறுதியை வாசித்துக் காட்டச் சொன்னால் வைரவரையே சந்தேகித்தது போலாகிவிடும் அல்லவா? உறுதி எழுதிய நொத்தாரிசு காட்டிய இடத்தில் பரமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார். உறுதியில் எழுதியிருந்தபடி முழுக்காணியும் போயிற்று. கிணறும் வைரவர் நின்ற மூலையும் உயர்ந்த மதிலுக்குள் அகப்பட, இரும்புக் கேற்றில் பூட்டுத் தொங்கியது.

அன்றிலிருந்து பிறர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் வழியில், மதிலுக்கு வெளியே நின்று வைரவரிடம் ஒன்றே ஒன்றைச் சொல்வார்: “நீர் கேட்டுக்கொண்டுதானே நிண்டனீர்.” காணி எப்படியும் திரும்பி வரும் என்று நம்பியிருந்தார்.

காணி வரவில்லை. குகதாசன் வீட்டில் நெருப்பு நிற்பதில்லை என்ற கதைதான் வந்தது. சாமி விளக்கு அணைந்தது. யன்னல்களை அடைத்தும் அணைந்தது. காஸ் அடுப்பும் அப்படியே. இதெல்லாம் ஊர்ப்புளுகு என்றார் பரமலிங்கம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஒரு மத்தியானம் குகதாசனே தேடி வந்தான். அவன் குசினி வாசலை நெருங்கியதும், பரமலிங்கத்தின் மனைவி மீனாம்பிகை சோறு காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. காய்ந்த பனைமட்டை, காற்றும் இல்லை. அவள் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

“அண்ணை, மன்னிச்சிட்டன் எண்டு வைரவரிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ.”

“என்ரை காணி?”

“அது கைமாறிப் போச்சு. இனி ஏலாது அண்ணை.” அவன் அழுதான்.

பரமலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த அடுப்பைப் பார்த்த பிறகு கால் தானாக நடந்தது. இருவரும் போனபோது கேற் திறந்து கிடந்தது. உள்ளே மேசன் ஒருவர் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். வேம்பின் கீழ், சூலம் நின்ற இடத்தில் கார் நிறுத்தத் தளம் போட்டிருந்தது.

“சூலமோ? மதில் கட்ட முதலே கிண்டி எடுத்தாச்சு. பழைய இரும்புக்காரன் கொண்டு போயிட்டான்,” என்றார் மேசன்.

பரமலிங்கம் தளத்தைப் பார்த்தார். இத்தனை மாதமும் மதிலுக்கு அப்பால் யாரும் இருக்கவில்லை. அப்படியானால் அவர் சொன்னதைக் கேட்டது யார்?

“சொல்லுங்கோ அண்ணை,” என்று குகதாசன் அவருடைய கையைப் பிடித்தான்.

பரமலிங்கம் வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.