களி கிண்ட ஒரு கேஸ் அடுப்பு

அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தேன். தருமபுரிப் பக்கம் தினமும் ராகிக் களி தின்று பழகியவள். இங்கே களி வேகவில்லை. மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடம் நான் வாங்கியிருந்த வார்ப்பிரும்பு கேஸ் அடுப்பில் தீ மஞ்சளாக, ஒரு பக்கமாகவே எரிந்தது. எவ்வளவு கிண்டினாலும் மாவு கட்டி கட்டியாக நின்றது.

“சோத்தத் தின்னா நெஞ்சுலயே நிக்குது. தை முடியட்டும், என்னைய வண்டி ஏத்தி உட்டுரு சாமி,” என்றாள்.

ஊரில் அவள் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு ஆபீசில் வேலை ஓடாது. எப்படியாவது தங்க வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதையும் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று நினைப்பவன். புது ஸ்டீல் அடுப்பின் விளக்கத்தாளை வாங்கி வந்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

“செரி. களி கிண்டறதப் பத்தி என்ன போட்டிருக்குது?”

அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைக்கே அழைத்துப் போனேன். அம்மா அங்கிருந்த பாத்திரம் ஒன்றை எடுத்துப் புது அடுப்பின் மேல் வைத்தாள். இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கரண்டியால் களி கிண்டுவதுபோலவே சுற்றினாள். அடுப்பு நழுவி மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. கடைக்கார சர்தார்ஜி பாய்ந்து பிடித்தார்.

“மாதாஜி, கானா பனானா ஹை யா குஸ்தி?”

“என்னங்கறாரு?”

“சமையலா, குஸ்தியான்னு கேக்கறாரும்மா.”

“குஸ்திதான்னு சொல்லு. இது எங்கூட நிக்காது. வூட்டுல இருக்கறது கல்லாட்டம் நிக்குது, தீதான் செரியில்ல.”

விளக்கத்தாளில் எடை குறைவு என்று போட்டிருந்தது. ‘கையாள எளிது’ என்று அதை நானே பெருமையாகப் படித்துக் காட்டியிருந்தேன்.

பழைய அடுப்பை ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் ஏற்றி அதே கடைக்குக் கொண்டுபோனேன். சர்தார்ஜி சிரித்துக்கொண்டே பர்னர்களையும் ரப்பர் குழாயையும் மாற்றிக் கொடுத்தார். தீ நீலமாக, வட்டமாக எரிந்தது.

அன்று பாலக் கீரையைக் கடைந்து, களி உருண்டையை என் தட்டில் வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். கட்டி இல்லை. கை கழுவும்போது அவளே கேட்டாள்.

“டிக்கெட்டு எடுத்துட்டியா?”

“இல்லம்மா.”

“எடுக்காத. வெயில் காலம் இங்க எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

தில்லி வெயிலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.