மாமாவின் காதுக்குப் பின்னால்

பசறை டவுனில் அப்பாவுக்கு ஒரு சலூன் இருந்தது. தலைக்கு டை அடிக்க வருகிற எவரையும் அவர் அன்றைக்கே நாற்காலியில் உட்காரவைக்க மாட்டார். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அரிச்சா டையே வேணாம்" என்று அனுப்பிவிடுவார். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். மச்சினனுக்காகக்கூட அந்தச் சட்டம் வளையவில்லை.

மச்சினன் என்றால் என் தாய்மாமா. எங்களோடு தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசைவீட்டில்தான் இருந்தார். வயது அதிகம் என்று இரண்டு இடத்தில் தட்டிக்கழித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தெமோதரையில் பெண் பார்க்க ஏற்பாடு. நரையோடு வரமாட்டேன் என்று மாமா ஒரே பிடிவாதம். எட்டு வயதில் பெண்ணைப் பற்றி எனக்கென்ன கவலை? பதுளையிலிருந்து ரயிலில் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதுவரை ரயில் ஏறியதே இல்லை.

வியாழக்கிழமையே அப்பா மாமாவின் காதுக்குப் பின்னாலும் ஒரு துளி தடவியிருந்தார். சனிக்கிழமை காலை மாமா குனிந்து காதை மடக்கிக் காட்டினார். "பாப்பா, பின்னால ஏதாச்சும் இருக்கா பாரு."

இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். சொன்னால் ரயில் போச்சு.

"ஒண்ணும் இல்ல மாமா."

கடையில் அன்று கூட்டம். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே, "நீ நல்லாப் பாத்தியா?" என்று அப்பா என்னைக் கேட்டார். தலையாட்டினேன். எப்போதும் தானே பார்க்கிறவர் அன்றைக்கு மட்டும் என்னை நம்பிவிட்டார்.

டை பூசிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மாமாவின் இமைகள் வீங்கின, உதடு தடித்தது. அப்பா அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "மூச்சு விட முடியுதா மச்சான்? பேசு!" என்று கத்தினார். பதிலுக்கு விசில் மாதிரி ஒரு இழுப்புதான் வந்தது. டாக்டரிடம் காட்ட டை டப்பாவையும் எடுத்துக்கொண்டு, அப்பா எங்களை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரும்வரை நான் மாமாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு பயம்.

ஊசி போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் மூச்சு சீரானது. ஓடி வந்த அம்மா, "ரெண்டு ராத்திரியா காதைச் சொறிஞ்சிக்கிட்டு தூங்காம கிடந்தானே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று அப்பாவைக் கேட்டாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து அழுதேன். அவ்வளவு அரித்த காதை அப்பாவிடம் காட்டாமல், ரயிலுக்கு ஏங்கிக்கிடந்த என்னிடம் அவர் ஏன் காட்டினார் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.