அம்பு ஒட்டும் அம்மா

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் செக்கிங் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை கையை ஓட்டுவாள். தையல் விட்ட இடம், நூல் நீட்டிக்கொண்டிருக்கும் இடம், கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பட்டன் எல்லாவற்றிலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரர்களிடமே திருப்பி அனுப்புவாள். அவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே பிரித்துத் தைப்பார்கள். அம்பு இல்லாத சட்டைதான் பெட்டிக்குள் போகும். தப்பான பீஸ் கேட்டைத் தாண்டக் கூடாது. அந்த வேலையில் அதற்கு மேல் தத்துவம் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? அவள் புருஷன் டாக்ஸி ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். "இவ்வளவு பாக்குறியே, என்னை மட்டும் எப்படிப் பாஸ் பண்ணினே?" என்று கேட்பார்.

"அன்னைக்கு லைட் சரியில்ல" என்பாள். சிரிக்கக்கூட மாட்டாள்.

ஒரே மகள். நான்காம் வகுப்பு. பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எவ்வளவு கை வைக்கலாம் என்பதில் ஆளுக்கொரு கட்சி. அட்டையில் எரிமலை செய்து, பரிசு கிடைத்ததும் பிள்ளையை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போட்டோவுக்கு நிற்கிற அப்பாக்கள் உண்டு. செக்கிங் அக்கா அந்த ரகம் இல்லை. மகளின் நோட்டில் தன் கையால் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். சத்தியமான பேச்சு. அவள் அம்பு ஒட்டினாள், அவ்வளவுதான்.

தான் எட்டாவதோடு நின்றவள் என்பதால், சாப்பாட்டு இடைவேளையில் மகளின் புத்தகத்தை வைத்துக்கொண்டு பின்னக் கணக்கைப் படித்தாள். சாயங்காலம் மகள் பென்சிலில் எழுதுவாள். அம்மா பக்கத்தின் மேல் கையை ஓட்டி, தப்பு இருக்கும் இடத்தில் அம்பு ஒட்டுவாள். மகள் அழித்து எழுதுவாள். அம்பு போகும்வரை அழிப்பாள். பக்கம் சுத்தமானதும் நோட்டு பைக்குள் போகும். மறுநாள் நட்சத்திரத்தோடு திரும்பி வரும்.

மகளும் தொழில் பழகிக்கொண்டாள். ஏழு என்று போட்டு அம்பு விழுந்தால் எட்டு. எட்டுக்கும் போகாவிட்டால் ஒன்பது. அம்பு போய்விட்டால் கணக்கு வந்துவிட்டது என்று பொருள். எப்படி வந்தது என்று அவளையும் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். வீட்டுப்பாடத்தில் ஒரு பிழை இல்லாத பிள்ளை, பரீட்சைத்தாளில் எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளையே ஓட்டை போட்டு வைத்திருந்தது. அக்கா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ரப்பர் சரியில்ல டீச்சர்."

டீச்சர் பொறுமைசாலி. ஆண்டுப் பரீட்சையும் இப்படி ஆனால் பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது, கூட உட்கார்ந்தவர்கள் எல்லாம் போவார்கள், இவள் மட்டும் இதே பெஞ்சில் இருப்பாள் என்று எடுத்துச் சொன்னாள். "தப்போடயே அனுப்புங்கம்மா. அவ எங்க தடுக்குறான்னு எனக்குத் தெரியணும்ல?"

"தப்புன்னு கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு, அதை எப்படி டீச்சர் வெளிய அனுப்புறது?"

அப்படிக் கேட்டாலும், டீச்சர் சொன்னதை அக்கா ஏற்றுக்கொண்டாள். அன்றோடு ஸ்டிக்கர் நின்றது. மகள் எழுதும்போது எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வாய் திறக்கவில்லை, விரல் நீட்டவில்லை. ஆச்சரியம், நோட்டில் அப்போதும் தப்பே இல்லை. பிள்ளைக்கு மூளை திறந்துவிட்டது என்று டீச்சர் மகிழ்ந்தாள். அக்கா தன் புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "அப்ப அது என்னை மாதிரி" என்று அவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டார்.

ஆண்டுப் பரீட்சைத் தாளிலும் ஓட்டை விழுந்தது. பிள்ளை அதே வகுப்பில் நின்றது.

பள்ளி மறுபடி திறந்த முதல் நாள் சாயங்காலம், அதே புத்தகம், அதே முதல் பாடம். மகள் ஓர் எண்ணை எழுதினாள். நிமிர்ந்து பார்த்தாள். அழித்தாள். வேறு எழுதினாள். மறுபடி நிமிர்ந்தாள்.

"ஏன் அழிச்சே? நான் ஒண்ணுமே சொல்லலையே."

"உன் மூஞ்சி சொல்லுச்சு."

அக்காவின் கையில் கத்தி நின்றது. மகள் தன் புருவத்துக்கு நடுவே விரலை வைத்துக் காட்டினாள். "தப்புன்னா உனக்கு இங்க சுருங்கும்மா. பரீட்சையில டீச்சர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுல ஒண்ணுமே தெரியல."

அன்று வெங்காயம் அரைகுறையாகக் கிடந்தது. அக்கா முகத்தை நேராக்கிப் பழகிப் பார்த்தாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, தப்பான கணக்கை நினைத்துக்கொண்டு சும்மா இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக் கொடுத்த முகம், சொன்ன பேச்சைக் கேட்குமா?

மறுவாரம் மேனேஜரிடம் போய்ச் சாயங்கால ஷிஃப்ட் கேட்டாள். வேண்டாம் என்று எல்லோரும் சண்டை போடுகிற ஷிஃப்ட். மேனேஜர் அவளுக்கு வீட்டில் ஏதோ தகராறு என்று நினைத்து, ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மகளோடு உட்கார்ந்தது டாக்ஸிக்காரர். கணக்கு விஷயத்தில் அவர் முகம் எந்தக் கட்சியிலும் சேராது.

இடைவேளையில் அக்கா போன் போடுவாள்.

"எழுதுறாளா?"

"எழுதுறா."

"அழிக்கிறாளா?"

"அழிக்கிறா. அப்புறம் என்னைப் பாக்குறா. நான் என்ன பண்ண? நானும் அவளைப் பாக்குறேன்."

"கணக்கு சரியா வருதா?"

"எனக்கெப்படித் தெரியும்? அதுக்குத்தானே என்னை உட்கார வச்சிருக்கே."

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வந்தார். வேலையாக இருக்கிறாளாம், அப்புறம் பேசுகிறாளாம்.

"சரி, அப்புறமே பேசட்டும்" என்றாள். அவள் வீடு போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.