வேல்ஸுக்காக நான் ஆடிய சனிக்கிழமை

இன்று காலை சிட்னி ஹோம்புஷில் ஒரு நெற்போல் (வலைப்பந்து) திடலைத் தாண்டும்போது...

சின்னப் பெண்கள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அம்பயர் ஒவ்வொருத்தியின் நகத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீள நகம் என்றால் ஆட விடமாட்டார்கள்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். (பால் வாங்கப் போன அம்மாவைக் காணவில்லை என்று மகன் போன் எடுத்தபடி!)

என்னைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ண். எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை.

அங்கே நேர்ஸாக இருந்தவள் க்ளெனிஸ். வேல்ஸ்காரி.

(அவள் பேசியது இங்கிலிஷ். எனக்கு இப்போது நினைவில் வருவது யாழ்ப்பாணத் தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்!)

"நீங்கள் இங்கிலாந்தோ?" என்று நோயாளி யாராவது கேட்டால் போச்சு.

"இல்லை. வேல்ஸ்."

"அது இங்கிலாந்துக்குள்ளதானே?"

(அந்த நோயாளிக்கு அன்றைக்கு ஊசி கொஞ்சம் நொந்திருக்கும்.)

என்னை இந்தியாவோ என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அவள் விடமாட்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

நெற்போலும் ஒரு காரணம். அவுஸ்திரேலியாவில் அப்போதைக்குச் சில வருடம் முன்புவரை அதற்குப் பெயர் 'பெண்கள் பாஸ்கற்போல்'. பெயர் மாறிய பிறகும் பலருக்கு வாய் மாறவில்லை. கன்ரீனில் 'நெற்போல்' என்று சொன்ன இரண்டே பேர் நாங்கள். அவள் ஊரிலும் அதுதான் பெயர், என் பள்ளிக்கூடத்திலும் அதுதான்.

"எங்களுக்கெண்டு தனிச் சங்கம் இருக்கு," என்பாள். "மாவட்டத்துக்கு மாவட்டம் கிளை. எல்லாம் ரீச்சர்மார், சம்பளமில்லாமல் ஓடித்திரியிற பொம்பிளையள். கேக் வித்துத்தான் பஸ் பிடிப்பம். ஆனா இங்கிலாந்து எங்களுக்கு ஓடர் போடேலாது. முதல் உலகப் போட்டிக்கே வேல்ஸ் எண்ட பேரோடதான் போனனாங்கள். உங்கட சிலோனும் வந்தது, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், குடியேறிய பெண்களுக்கென்று ஒரு பூங்காவில் ஒருநாள் போட்டி வைத்தார்கள். நாட்டுக்கு ஓர் அணி.

க்ளெனிஸ் ஐந்து வேல்ஸ் பெண்களைத் தேடிப் பிடித்தாள், தன்னையும் சேர்த்து. அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஐந்து பேராவது இருந்தால் சமாளிக்கலாம். அதற்குக் குறைந்தால் அணியே இல்லை.

உடனே தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தெரிவாகிவிட்டது! ஐந்து பேருக்கு மூன்று பதவி. (சிரிக்காதீர்கள். எங்கட ஆக்களென்றால் ஐந்து பேருக்கு இரண்டு சங்கம்.)

நான் தோடம்பழம் (ஆரஞ்சு) வெட்டிக் கொடுக்கத்தான் போனேன். கன்வஸ் சப்பாத்து, மேலே சுவெற்றர்.

போனால் நாலு பேர்தான் நிற்கிறார்கள். ஐந்தாவது பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல்.

பெயர் பதிகிற மேசையில் இருந்த அம்மா நல்ல மனுஷி. கவலையோடு சொன்னார்: "இங்கிலாந்துக்கும் ஆள் குறைவு. அவையோட சேர்ந்து விளையாடுங்கோவன். எல்லாம் ஒண்டுதானே?"

எல்லாம் ஒண்டுதானே!

க்ளெனிஸின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அணிகளின் பெயர் எழுதும் பலகையில் ஒரே ஒரு தடவை 'வேல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்று அவள் எவ்வளவு அலைந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பொருளாளராக இருந்த மெயர் என்ற பெண் என்னைக் காட்டினாள். "இவ பள்ளிக்கூட அணியில சென்ரர் விளையாடினவ."

"வேல்ஸுக்கு ஆர் ஆடலாம் எண்டதுக்கு விதி இருக்கு," என்றாள் க்ளெனிஸ்.

"அப்ப இங்கிலாந்தோட போய்ச் சேருவமோ?"

க்ளெனிஸ் மற்ற மூவரையும் வேலியோரம் கூப்பிட்டாள். பிறகு சொன்னாள்: "கூட்டம் போடுவம்."

நம்புவீர்களோ தெரியாது. அம்பயர் விசில் ஊதுகிறார், எதிரணி திடலில் நிற்கிறது, நாலு பெண்கள் வேலியோரம் கூட்டம் போடுகிறார்கள்! ஒருத்தி முன்மொழிய, ஒருத்தி வழிமொழிய, கை உயர்த்தி வாக்கெடுப்பு. "இன்றைக்கு மட்டும்" என்று ஒரு திருத்தம் வேறு.

நான் தோடம்பழக் கத்தியோடு நிற்கிறேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கேட்டிருந்தால் அழுதிருப்பேன். பந்தைத் தொட்டு அவ்வளவு காலம்.)

எதிரணி இங்கிலாந்துதான். கடைசியில் அவர்களுக்கு ஏழு பேரும் வந்துவிட்டார்கள். அவர்களின் கப்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ வேல்ஸ் இல்லையே?"

"இங்கிலாந்தும் இல்லையே," என்றாள் க்ளெனிஸ். "அது போதும்."

என் நெஞ்சில் சென்ரருக்கான 'C' என்ற எழுத்தைக் கட்டிவிட்டாள். பலகையில் சோக்கால் 'வேல்ஸ்' என்று எழுதினார்கள்.

தோற்றோம். சும்மா இல்லை, நல்லாத் தோற்றோம்! ஏழு பேருக்கு எதிராக ஐந்து பேர் வேறென்ன செய்ய? ஆனால் என் கை எதையும் மறந்திருக்கவில்லை. பந்து வந்த இடத்தில் கை இருந்தது.

பிறகு புல்லில் விழுந்து கிடந்து தோடம்பழம் தின்றோம்.

க்ளெனிஸ் கேட்டாள்: "உங்கட ஆக்களுக்கு அணி இருக்கோ?"

"ஓம், இலங்கை அணி இருக்கு. தமிழ்ப் பிள்ளையளும் விளையாடுவினம்."

"அது நாட்டுக்கு. நான் கேட்டது உங்கட ஆக்களுக்கு."

ஊரில் அந்த நாட்களில், தமிழருக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்ற அந்தக் கேள்வியை எல்லோரும் ஒவ்வொரு விதமாகக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் கூட அதன் வாடை இருந்தது. இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள். எழும்பி, வேல்ஸுக்காக ஓடினேன்.

நீங்களாயிருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?