பாவு தளரும் நேரம்

எனக்கு ஹிப்னாடிசம் செய்யப்போகிறார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்று மனைவியிடம் கண்டித்துச் சொல்லிவைத்திருந்தேன். ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால், தறி ஓடுகிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த மாதிரிதான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள், யாரோ எனக்கு மை வைத்துவிட்டதாகவே பேசி முடித்திருப்பார்கள். நானும் அப்படிப் பேசுகிற ஆள் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

இடுப்பில் ஆரம்பித்த வலி வலது காலில் இறங்கி, பாதம் முழுக்க மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்று பின்னால் கிடந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பேன். தறிக்குழியில் உட்கார்ந்து மிதிப்பலகையை மிதிக்கிற கால் அது. வேலூர் ஆஸ்பத்திரியில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள். எந்த இடத்தில் என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் ஆபரேஷன் செய்ய முடியும். தள்ளிப்போட்டால் கால் அப்படியே நின்றுபோகலாம்.

அந்த ஸ்கேன் மிஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படுக்க வைத்து ஒரு குழாய்க்குள் தள்ளுவார்கள். மூக்குக்கு நேர் மேலே கூரை. கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து, முடியாவிட்டால் அமுக்குங்கள் என்றார்கள். தோள் உள்ளே போவதற்குள் அமுக்கிவிட்டேன். இன்னொரு நாள் போனபோதும் அதே கதைதான். எனக்கு மூச்சிரைப்பு இருப்பதால் மயக்க மருந்து கொடுக்கவும் யோசித்தார்கள்.

"காலம்பூரா குழியில குந்திகினு நெய்யிற மனுசன், குழாய்க்குள்ள படுக்க பயப்படறாரே" என்றாள் மனைவி, ஸ்கேன் அறைக்காரரைப் பார்த்து. எனக்கு வந்த கோபத்தில் பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை பேசவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா ஒருவர் இருந்தார். இந்த மாதிரி பயத்துக்கு ஹிப்னாடிசம் உதவும் என்று அவரிடம் அனுப்பினார்கள். சங்கிலியில் எதையாவது கட்டி ஆட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னார்.

"தூங்க வைக்க மாட்டேன். நான் பேசறது எல்லாம் உங்களுக்குக் கேக்கும். வேணாம்னு தோணினா கண்ண தொறந்துடலாம்" என்றார்.

குரலில் அவசரமே இல்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகக் கனம் இறங்கியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் நெசவாளி என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்தார் அல்லவா, அந்த அக்கறையில் இப்படிச் சொன்னார்: "இப்ப உங்க உடம்பு தறியில கட்டின பாவு மாதிரி. ஒவ்வொரு இழையா தளருது... தொய்யுது..."

நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"ஐயோ! பாவு தொய்ஞ்சா சேல போச்சுங்க!"

நீளவாட்டில் இழுத்துக் கட்டிய அந்த நூல் விறைப்பாக நின்றால்தான் நெசவு. நெய்துகொண்டிருக்கும்போது தொய்ந்தால் இழை சிக்கும், அறும், ஜரிகை கோணிக்கொள்ளும். என் கை தன்னாலே நீண்டு, இல்லாத தறியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு நிமிடம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிங்க, அப்ப எப்பதான் அத தளர விடுவீங்க?" என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்த மனைவி சொன்னாள். "சேல முடிஞ்சதும்ங்க. கற்பூரம் காட்டிட்டு, பாவ தளத்தி, அறுத்து எடுப்போம். நான்தான் வந்து சொல்லுவேன், முடிஞ்சுது, எழுந்து வாங்கன்னு. இல்லன்னா அங்கியே குந்திகினு இருப்பாரு."

டாக்டரம்மாவுக்கு அது போதும். அடுத்த முறையிலிருந்து, சேலையின் கடைசி முந்தானையை நெய்து முடிக்கிற இடத்தில் தொடங்கினார். கற்பூர வாசனை, அறுக்கும்போது கைக்கு வரும் பட்டின் கனம், குழியிலிருந்து காலை எடுக்கிற சுகம். தளரலாம், இனிமேல் ஒன்றும் கெட்டுவிடாது என்று உடம்புக்குத் தெரிந்த ஒரே நேரம் அதுதான். எனக்குள் கிடந்ததை எடுத்து என் கையிலேயே கொடுத்த அந்த அம்மாவை நினைக்காமல் இன்றைக்கும் நான் தறிக்குழியில் இறங்குவதில்லை. வீட்டிலும் தினம் கண்ணை மூடிப் பழகினேன். நான் தூங்குவதாக மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தாள்.

ஸ்கேன் நாள் வந்தது. உள்ளே தள்ளுவதற்கு முன் அவள் குனிந்து காதில் சொன்னாள்: "முடிஞ்சுது, எழுந்து வாங்க." பிறகு வெளியே போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மிஷின் தடதடவென்று அடித்தது. தெருவில் எல்லா வீட்டுத் தறியும் ஒன்றாக ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். நான் என் சேலையை அறுத்து மடித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் உருண்டை கையில் இருந்ததே நினைவில் இல்லை.

வெளியே இழுத்தபோது கால்மாட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். உலோகம் எதுவும் உள்ளே ஆகாது என்பதால் தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அதுவுமாகத் தாலியைக் கழற்ற அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! இரண்டு கையாலும் என் வலது பாதத்தைப் பிடித்திருந்தாள். மரத்த கால். அவ்வளவு நேரம் பிடித்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"வெளிய போவலியா?" என்றேன்.

"எங்க போவ சொல்றீங்க?" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் என் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பாள். "இல்ல" என்பேன். அடுப்படிக்குப் போய்விடுவாள். காபி வரும். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் காலையில் அரைத்தூக்கத்தில் கத்தினேன்: "ஏம்மா, அந்த நகத்த வெட்டினாதான் இன்னா? குத்துது!"

கண்ணைத் திறந்தால், என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. கண்ணீர் என் கட்டைவிரலில் விழுந்தது, அது சுட்டதும் எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"முடிஞ்சுது. எழுந்து வாங்க."