மிளகாய்த்தூள் பெயரில் ஒரு சாப்பாட்டுக் கடை

மதுரங்குளிச் சந்தியில் உள்ள என் சாப்பாட்டுக் கடைக்கு நானே மூளையைக் கசக்கிப் பெயர் வைத்தேன். பொய். எழுத வாசிக்கத் தெரியாத நான், பலகை எழுதுபவரிடம் மிளகாய்த்தூள் பக்கற்றைக் கொடுத்து, "இதப் போலயே எழுதுங்க" என்றேன். அவர் பக்கற்றில் இருந்த 'மூன்று கிளி' என்ற பெயரையே கிளிப்படத்தோடு எழுதித் தந்தார்.

ஒருநாள் ஒரு பெண் அதே தூள் பக்கற்றோடு வந்து, அண்ணன் முறை சொல்லி அழைத்தார். "காக்கா, ஒங்கட தூள்ல வண்டு. மாத்தித் தாங்க."

"ராத்தா," என்று நானும் அக்கா முறை சொன்னேன், "நான் சோறுதான் விக்கிறன்."

"அப்ப கொம்பனிட பேர ஏன் போட்டீங்க?"

பயந்துபோய் லோயரிடம் ஓடினேன். "கொம்பனி பேரத் தூளுக்குத்தான் பதிஞ்சிருந்தாலும், ஒங்கட கடையும் அவங்கட எண்டு சனம் நெனச்சா வழக்கு வரலாம்" என்றார். "ஏற்கெனவே ஒரு ராத்தா நெனச்சிட்டாவே!" என்றேன் நான்.

அவர்களுடைய வண்டுக்கு நான் ஏச்சு வாங்கினேன். என் மீன்கறி பழுதானால் அவர்கள்தானே ஏச்சு வாங்குவார்கள்? அன்றே கிளிகளை அழித்து, என் பெயரை எழுதுவித்தேன். இப்போது எந்தப் பலகையையும் மகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மாட்டுகிறேன்.

இதையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அதற்குள் குசினியிலிருந்து மனைவி கத்துகிறார்: "கதை போதும், கறி அடிப்பிடிக்குது!"

ஓடவேண்டும். இனிக் கருகினால் கெடுவது என் பெயர்.