நான் நன்றாயில்லை என்று சொன்ன படங்கள்

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு இருபது பாட்டுக்குக் குறையாது. ராஜா வேட்டைக்குப் புறப்பட்டால் ஒரு பாட்டு, மான் தப்பி ஓடினால் ஒரு பாட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தால் அதற்கும் ஒரு பாட்டு. சாகப் போகிறவன் மார்பில் குத்திய கத்தியோடு பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவான். எனக்கு இதெல்லாம் ஆகாது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு படம் பார்க்காமல் இருந்ததில்லை. குறை சொல்வதற்கென்றே போகிற ஆள் நான் என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய் இல்லை.

எனக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. வந்து நிற்கிற வேகன்களின் நம்பரை எழுதிக்கொண்டு, எது எங்கே போகவேண்டும் என்று சாக்கட்டியால் அதன் மேலேயே குறித்துவிட வேண்டும். பழுதான வேகன் என்றால் 'சிக்' என்று எழுதுவோம். அதை ஓரத்து லைனில் தள்ளிவிடுவார்கள். யார்டில் இந்தப் பேச்சு சினிமாவுக்கும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் என்னோடு வேலை செய்த சாயபு, என் தோஸ்து, தூரத்திலிருந்தே கத்துவான்.

"இன்னா மாமு, நேத்து படம் ஓடுமா, சிக்கா?"

நான் சொல்கிற தீர்ப்பைக் கேட்டுத்தான் பாதிப்பேர் கொட்டகைக்குப் போவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு பிறந்தவள். மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தபோது, பங்குனி வெயிலில் அம்மை போட்டு ஒன்பதாம் நாள் போய்விட்டாள். இந்த ஒரு வரியைச் சொல்லவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

நாங்கள் இருந்தது தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு லைன் வீடு. எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரே குழாய், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். எல்லா வீட்டிலும் சின்னப் பிள்ளைகள். அம்மை கண்டு போன பிள்ளைக்கு அழக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மனே வந்து எடுத்துக்கொண்ட பிள்ளை அது. அழுதால் அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் அடுத்த வாசற்படி ஏறுவாள். அதனால் பறை இல்லை, ஒப்பாரி இல்லை. பிள்ளையை வேப்பிலையில் கிடத்தியிருந்தோம். என் மனைவி வாயைத் திறந்தாள். முதல் சத்தம் வெளியே வருவதற்குள் பக்கத்து வீட்டு மீன்காரம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

"அழுவாதம்மா. தாயி கோவிச்சுக்குவா. எனக்கு நாலு புள்ள கீது வூட்ல."

சொல்லும்போது அந்த அம்மாள் தன் வாசலையே திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கு நாலு இருந்தது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தேன். தெருவில் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி அழவே இல்லை. குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருப்பாள். சோறு வடிப்பாள், மறந்துபோய் மூன்று பேருக்குப் போடுவாள். அழவில்லை. மற்ற ஏழு வீட்டுக் காதுகளும் எங்கள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவளுக்குப் பிள்ளை ஞாபகம் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நான் தீர்மானம் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சினிமா. சிரிப்புப் படமாகப் பார்த்துக் கூட்டிப்போனால் மனசு தேறிவிடும் என்று நினைத்தேன். அதற்காக ஒவ்வொரு படத்தையும் முதலில் நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளை சாகிறதா, தாய் அழுகிறாளா என்று சோதிப்பேன். அப்படி ஏதாவது இருந்தால், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "சிக்" என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம் என்ன கேடோ, வந்த படமெல்லாம் அழுகைப் படம். விதவைத் தாய் ஒருத்தி திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தெருத்தெருவாக அலைகிற படம் ஒன்று வந்தது. நல்ல படம். நான் மனைவியிடம், "அந்த அம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும், மொத ரீல்ல பதினாறு வயசுப் பொண்ணா வருது, சகிக்கல" என்றேன். அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புகிற படம் ஒன்று. அதில் சுவர் எழுப்பும் காட்சி மட்டும் அரை மணி நேரம், செங்கல் செங்கலாக. அது நிஜமாகவே மோசம். ஆனால் அதில் பிள்ளை எதுவும் சாகவில்லை, அதனால் அதற்குக் கூட்டிப்போனேன். அவள் சுவர் முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

தொட்டில் படம் என்று எல்லோரும் சொன்ன படம் அதற்கப்புறம் வந்தது. ஏழைத் தாய் ஒருத்தி, பிள்ளை போன பிறகு வெறும் தொட்டிலை ஆட்டித் தாலாட்டுப் பாடுகிறாள். என்னால் அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே வந்து, வேர்க்கடலை வாங்கி, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய், "மிஷின் ரிப்பேரு, பாதியில அனுப்ட்டான். அதுவரைக்கும் பாத்ததே போதும், சிக்" என்றேன்.

லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தப் படத்துக்குப் போனார்கள். கண் வீங்கித் திரும்பி வந்து குழாயடியில் நின்று மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். என் மனைவி என்னிடம் கேட்டாள்.

"எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லுதுங்களே. நாமளும் போவலாமா?"

"அதுங்களுக்கு இன்னா தெரியும்? மூக்கச் சிந்த வச்சுட்டா நல்ல படம்ன்னுவாங்க."

அவள் மறுபடி கேட்கவில்லை. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சிரிப்புப் படம் வந்தது. நான் முன்னாடியே பார்த்துவிட்ட படம். ஒரு சாவும் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. இரண்டு முட்டாள்கள் மாப்பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகிற கதை. திருவொற்றியூரில் மணல் தரையில் கூடாரம் போட்ட கொட்டகையில், மாலை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார முடியாது. நடுவில் மார்பளவு சுவர். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் பெஞ்சில்.

மூன்றாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் தடியோடு வருகிறார். முட்டாள்களில் ஒருவன் ஒளிய இடமில்லாமல் அங்கிருந்த தொட்டிலில் ஏறிப் படுத்து, குழந்தைக் குல்லாய் மாட்டிக்கொண்டு, பால் புட்டியை வாயில் வைத்துச் சப்புகிறான். மாமனார் தொட்டிலை ஆட்டுகிறார். கொட்டகையே குலுங்கிற்று. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். போனதடவை பார்த்தபோதும் இந்த இடத்தில் சிரித்திருந்தேன். தொட்டில் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாரோ சிரித்துச் சிரித்து மூச்சு முட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் இருந்தவன்கூட, "தோ பார்றா, சிரிச்சே செத்துடும் போலகீது" என்றான். அதற்குள் ரீல் முடிந்தது. ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்றுகிறவரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். வெளிச்சம் வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் மனைவி புடவையை வாயில் அடைத்துக்கொண்டு மணலில் குனிந்திருந்தாள். முதுகு தூக்கித் தூக்கிப் போட்டது. சுற்றியிருந்த பெண்கள், "இன்னாம்மா, இன்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிரித்த வாய் மூடாமல் சிலர் அவளை வேடிக்கை பார்த்தார்கள். நான் சுவரைத் தாண்டிப் போக முடியாமல் இந்தப் பக்கம் நின்றேன். வெட்கமாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம்தான் பயம் வந்தது.

பாதிப் படத்தில் வெளியே வந்துவிட்டோம். அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். உப்புக் காற்று அடித்தது.

"நான் நல்லதுன்னு நெனச்சுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்யா. மூணு மாசமா நீ படத்தைப் பாத்துட்டு வந்து பொய் சொல்றது எனக்கு இன்னா தெரியாதா? அழுவாச்சிப் படத்துக்கு ஒருவாட்டி இட்டுகினு போயிருந்தீன்னா, நூறு பொம்பளைங்களோட நானும் ஒருத்தியா அழுதிருப்பேன். யார் கேப்பா? படத்துக்கு அழுவுறான்னு பூடும். தாயிகூட கோவிச்சுக்க மாட்டா. மீன்காரம்மா புள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆவாது. இங்க எல்லாம் சிரிக்கறப்போ நான் மட்டும் மாட்டிக்கினேன்."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவனுக்குத் தன் வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு எந்தப் படம் வேண்டும் என்று தெரியவில்லை. அவளை அழவைக்காமல் காப்பாற்றுவதாக எண்ணி, அழுவதற்கு இருந்த ஒரே இடத்தையும் நான்தான் அடைத்து வைத்திருந்தேன்.

தொட்டில் படம் எங்கள் பக்கத்தை விட்டுப் போயிருந்தது. எண்ணூரில் ஒரு கொட்டகையில் கடைசி நாட்கள் ஓடுவதாக சாயபு விசாரித்துச் சொன்னான். "அது சிக்குன்னியே மாமு" என்றான். "நான் சொன்னது தப்பு" என்றேன். என் ஆயுசில் ஒரு படத்தைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கிளம்பினோம். மீன்காரம்மாவும், ஒருமுறை பார்த்த படம்தான் என்றாலும், தானும் வருவதாகச் சொல்லிக் கூடவே வந்தாள்.

பிலிம் தேய்ந்து, படம் முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. தொட்டில் காட்சி வந்தது. இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பெண்களும் அழுதார்கள். என் மனைவியின் குரல் எது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது எட்டிப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முறுக்குக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மீன்காரம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வாயைப் பொத்திய கை முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி ஜன்னலோரம் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் வீங்கிச் சிவந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. மீன்காரம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

"படம் எப்படி?" என்று கேட்டேன்.

முந்தானையை உதறி மடியில் போட்டுக்கொண்டாள்.

"படம் ஒண்ணும் அவ்ளோ நல்லால்ல. அந்த அம்மாவுக்குத் தொட்டிலு ஆட்டவே தெரியல. அவ்ளோ வேகமா ஆட்டுனா எந்தக் கொழந்த தூங்கும்? மெதுவா ஆட்டணும். நம்ம பொண்ணுக்கு மெதுவா ஆட்டுனாதான் புடிக்கும்."

பிள்ளை போன பிறகு என் மனைவி அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா சார், இன்னாச்சு?" என்று கேட்டார். இன்ஜின் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

என் மனைவி முந்தானையின் ஈரமில்லாத நுனியைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.